புல்வெளிக்கு அடியில் ஒரு ஊர்

இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, அங்கங்கே மரக்கூட்டம், வளைந்து நெளிந்த ஏரி. 'இயற்கையின் அழகே அழகு' என்று சொல்லத் தோன்றும். ஆனால், அது மனிதர்கள் திட்டம் போட்டு உருவாக்கிய அழகு!

அதில் மன்னன், லேன்ஸ்லாட் பிரவுன் (1716-1783). சாதாரணத் தோட்டக்காரராக வேலையில் சேர்ந்து, 1764-ல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் தலைமைத் தோட்டக்காரர் ஆனவர். எந்த நிலத்தைக் காட்டினாலும், 'இதை மேம்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது' என்பாராம். அதனால் 'கேப்பபிலிட்டி பிரவுன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பிளெனிம் மாளிகையில், சிறு ஆறான கிளைமை அணை கட்டித் தேக்கிப் பெரிய ஏரியாக்கினார். ஏற்கெனவே அங்கிருந்த பாலத்தின் கீழ் அறைகள் தண்ணீரில் மூழ்கின. வேலி கண்ணை உறுத்தக் கூடாது என்பதற்கும் அந்தக் காலத்தில் ஒரு தந்திரம் இருந்தது. பள்ளம் தோண்டி, அதற்குள் சுவரை மறைத்துவிடுவார்கள். மாடுகள் தாண்டி வராது. மாளிகையிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரே தெரியாது. இதன் பெயர் 'ஹா-ஹா'!

சில இடங்களில் சுவரை மட்டும் மறைக்கவில்லை, ஊரையே மறைத்தார்கள். டார்செட் பகுதியில் மில்டன் பிரபுவின் மாளிகையை ஒட்டி மிடில்டன் என்ற சந்தை ஊர் இருந்தது. அதன் சந்தடி பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. குத்தகைகள் முடிய முடிய வீடுகளை இடித்தார். ஒரு வக்கீல் மட்டும் காலி செய்ய மறுத்தார். பிரபு குளத்து மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீரை விட்டார் என்றும், வக்கீல் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்றும் சொல்வார்கள். ஆனாலும் ஊர் தப்பவில்லை. அது இருந்த இடம் பூங்காவானது.

ஊர்மக்களுக்காக, மாளிகையின் கண்ணில் படாத ஒரு பள்ளத்தாக்கில் 1780 வாக்கில் மில்டன் அப்பாஸ் என்ற புதிய கிராமம் எழுந்தது. அதைத் திட்டமிட்டதிலும் பிரவுனுக்குப் பங்கு உண்டு. ஒரே மாதிரியான 36 கூரை வீடுகள். ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம்!

இன்று அந்தக் கூரை வீடுகளைப் படம்பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிறார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒதுக்கிய தெருவைப் பார்க்கத்தான் இப்போது இத்தனை கூட்டம்!