காமராஜர் காலத்து ஹெலிகாப்டர்... இன்னும் கடல் மேல!

சேத்தக். நம்ம கடற்படையின் சின்ன ஹெலிகாப்டர். கப்பலுக்கு ஆள், மருந்து, உதிரி பாகம் கொண்டு போறது, கடல்ல விழுந்தவரைத் தூக்குறது எல்லாம் இதோட வேலை. 2004 சுனாமியிலும் 2018 கேரள வெள்ளத்திலும் உயிர்களைக் காப்பாத்தினது.

இதன் மூல வடிவம், பிரான்சின் அலூவெட் 3, முதல்ல பறந்தது 1959-ல். அப்போ இங்க காமராஜர் முதல்வர்! எச்.ஏ.எல். தயாரிச்ச முதல் சேத்தக் 1965-ல் வந்தது. 2022 ஏப்ரலில் ஹக்கிம்பேட்டையில் இதுக்கு 60 ஆண்டு விழா. ராஜ்நாத் சிங் நேரில் போய் வாழ்த்தினார். விழா எடுத்தீங்க சரி, மாற்று எங்கே?

உடனே சங்கி நண்பர்கள் வருவாங்க: "எல்லா சேத்தக்கும் 1965-ல செஞ்சதா? பாகங்களை மாத்துறாங்கல்ல?"

உண்மைதான். ஹெலிகாப்டரோட ஆயுளை வருஷத்துல மட்டும் கணக்கு பண்ண மாட்டாங்க. பறந்த மணி நேரத்தை வைத்து விசிறி, கியர்பாக்ஸ், எஞ்சின்னு ஒவ்வொண்ணையும் கழட்டிச் சரிபார்ப்பாங்க, மாத்துவாங்க. ஆனா எத்தனை பாகம் மாத்தினாலும் வடிவமைப்பு மாறாது. சேத்தக்குக்கு ஒரே எஞ்சின். நடுக்கடல்ல அது நின்னா, இறங்க இடம் தண்ணிதான். உப்புக்காத்து உலோகத்தை அரிக்கிறது தனி. அதனாலதான் கடற்படை இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர் கேட்குது.

இப்போ கணக்குக்கு வருவோம்.

▪️ 2012: 56 ஹெலிகாப்டருக்கு டெண்டர். கைக்கு வரல.
▪️ 2018 ஆகஸ்ட் 25: 111 ஹெலிகாப்டர், ரூ.21,000 கோடிக்கு மேல், ஒப்புதல். 16 வெளிநாட்டில், 95 இந்தியாவில் தயாரிக்கணும். 'மேக் இன் இந்தியா' என்று ஊரெல்லாம் தம்பட்டம்.
▪️ இன்று வரை அந்த 111-ல் வந்தது: 0

"2012-ல யார் ஆட்சி?"ன்னு கேட்பீங்க. கேளுங்க. அந்த டெண்டர் தோத்ததுக்கு அவங்க பதில் சொல்லட்டும். 2018 திட்டம் முழுக்க உங்களுடையது. அன்று ஒப்புதல் தந்த பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். 2019-லிருந்து அவர்தான் நிதியமைச்சர். திட்டத்துக்குக் கையெழுத்து போட்டவரிடமே கஜானா சாவியும் இருக்கு. அப்புறம் என்ன தடை?

அரசு பஸ், ஜீப் 15 வருஷம் ஆனா பதிவு ரத்துன்னு 2023-ல் சட்டம் போட்டதும் இதே ஒன்றிய அரசுதான். ரோட்டுல ஓடுற வண்டிக்கு இருக்கிற அக்கறை, கடல் மேல பறக்கிற வீரனுக்கு இல்லையா?

2023 நவம்பரில் கொச்சி ஐ.என்.எஸ். கருடா தளத்தில் சேத்தக் விபத்து. ஒரு கடற்படை வீரர் உயிரிழந்தார். வயசுதான் காரணம்னு நாங்க தீர்ப்பு சொல்லல. விசாரணைக் குழு அமைச்சீங்களே, அதில் தெரிஞ்சதை நாடாளுமன்றத்துல வைங்கன்னுதான் சொல்றோம்.

நம்ம அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படையின் இளம் ஹெலிகாப்டர் பைலட்டுகள் பறக்கக் கத்துக்கிறதும் இந்த சேத்தக்கில்தான். அவங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்க. கேள்வி கேட்டா தேசத்துரோகின்னு சொல்லாதீங்க. கேட்காம இருக்கிறதுதான் துரோகம்.

ஒன்றிய அரசே, பதில் சொல்:
1. 111 ஹெலிகாப்டர் எங்கே?
2. கடைசி சேத்தக் ஓய்வு பெறும் தேதி என்ன?
3. அதுவரை பைலட்டின் உயிருக்கு யார் பொறுப்பு?

மேடையில் தேசபக்தி, தளத்தில் பழைய ஹெலிகாப்டர். பகிருங்கள் தோழர்களே!

#111எங்கே #சேத்தக்குக்குஓய்வுகொடு