சூத்திரமும் காரணமும்

களத்திலே கூம்பாகக் குவித்த நெல்லின் கன அளவைக் காண, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுக்கிறோம். ஏன் மூன்று என்று வினவினால் பலரும் விடையின்றி நிற்பர். காரணம் அறியாதவன் சூத்திரத்தில் நேரும் பிழையையும் அறியான்.

கூம்பின் இனத்தைச் சேர்ந்த முக்கோணக் கூம்பகத்திற்குப் பெருங்கணிதரான ஆரியபட்டரே கி.பி. 499-இல் பாதி என்று விதித்தார். மூன்றில் ஒரு பங்கு என்னும் சரியான விதியைப் பிரமகுப்தர் 628-இல் உரைத்தார். பாதியெனக் கொள்பவன் 100 மூட்டை நெல்லை 150 மூட்டையாக எழுதிவிடுவான்.

திருவனந்தபுரத்திலிருந்து இதனை எழுதுகையில், இக்கேரளத்தில் 1530-ஆம் ஆண்டையொட்டி ஜ்யேஷ்டதேவர் இயற்றிய யுக்திபாஷை நினைவுக்கு வருகின்றது. கோளத்தை மெல்லிய வட்டத் தகடுகளாகப் பகுத்து அதன் கன அளவை நிறுவும் அந்நூல், வடமொழியிலன்றி மலையாளத்தில் எழுதப்பெற்றது. காரணத்தைத் தாய்மொழியில் விளக்கியதே அதன் தனிச்சிறப்பு.

நம் ஆசிரியர்களும் அவ்வழியே செல்லுதல் வேண்டும். களிமண்ணாற் செய்த கனசதுரத்தை ஒரு மூலையை உச்சியாகக் கொண்டு அறுத்தால், ஒத்த மூன்று கூம்பகங்கள் பிரியும். ஒரே அடியும் உயரமும் உடைய தகரக் கூம்பினால் மும்முறை நீர் வார்த்தால் உருளை நிறையும். இவற்றைக் கண்ட மாணவன் சூத்திரத்தை மறப்பினும் தானே மீட்டுக்கொள்வான்.