பெட்டி வைக்க இடம் எங்கே?

பிரான்சு நாட்டில் லீ மான் என்று ஓர் ஊர். அங்கே 1923-ம் ஆண்டு முதல் ஒரு கார் பந்தயம் நடந்து வருகிறது. சாதாரணப் பந்தயம் அல்ல. 24 மணி நேரம் விடாமல் ஓடவேண்டும்!

பந்தயத்துக்கென்றே செய்த கார்களும் அதில் உண்டு. சாலையில் ஓடும் கார்களும் உண்டு. 1994-ல், சாலைக் காருக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். அதன் பெட்ரோல் டாங்கி பெரிதாக இருக்கலாம்.

சலுகை என்றால் சும்மா இருப்பார்களா?

புலிக்கு மணி

போர்ஷே 962 என்பது அசல் பந்தயக் கார். 1986-லும் 1987-லும் லீ மானில் வென்ற கார். ஜெர்மனியைச் சேர்ந்த யோகன் டாவர் என்பவர் அதற்குத் தோல் மெத்தை போட்டார். சாலையில் ஓட்ட அனுமதி வாங்கினார். உடனே அது "சாலைக் கார்" ஆகிவிட்டது!

புலியின் கழுத்தில் மணி கட்டி, "இது பசு" என்று சொன்ன கதைதான்.

அந்தப் பந்தயத்தில் ஜப்பானின் டொயோட்டா முன்னால் ஓடியது. முடியும் நேரத்தில் கியர் பழுதாகி நின்றது. "பசு" வென்றது.

டொயோட்டா பாடம் கற்றுக்கொண்டது. எந்தப் பாடம்? அதே பாடம்!

1998-ல் அதுவும் ஒரு "சாலைக் கார்" கொண்டுவந்தது. சாலைக் கார் என்றால் பெட்டி வைக்க இடம் வேண்டும். இடம் எங்கே? "பெட்ரோல் டாங்கி காலியாக இருந்தால் அதற்குள் ஒரு பெட்டி அடங்குமே!" என்றார்கள். அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காரை யாருக்கும் விற்கவே இல்லை.

சிரிப்புதான் வரும். ஆனால் அடிபட்டது யார்?

நேர் வழி

மெக்லாரன் எப்-1 என்ற கார் சாலைக்காகவே பிறந்தது. பிறகுதான் பந்தயத்துக்கு வந்தது. 1995-ல் லீ மானில் வென்றது. தனியார் குழுக்கள் அதை விலைக்கு வாங்கி ஓட்டின. அடுத்த ஆண்டுகளில் பெரிய கம்பெனிகள் பந்தயக் காரை முதலில் செய்துவிட்டு, பேருக்குச் சில சாலைக் கார்களைச் செய்தன. பணத்தில் அவர்களோடு யார் போட்டி போடுவது?

குற்றம் கெட்டிக்காரர்கள் மீது மட்டும் அல்ல. "முதலில் விற்றுக் காட்டு, பிறகு ஓட்டு" என்று கண்டிப்பாகச் சொல்லாத அதிகாரிகள் மீதும்தான்.

1998-ல், உலக அளவிலான ஜி.டி. போட்டியில் 10 பந்தயங்கள் நடந்தன. பத்திலும் மெர்சிடிஸ் வென்றது! மற்றவர்கள் விலகினார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

அந்த "சாலைக் கார்"களை இன்று கோடீசுவரர்கள் துணி போர்த்திப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவை சாலைக்கு வருவது அபூர்வம்.