றீலை விக்கிறதுக்கு முதல்

எழுபதுகளிலை லண்டனிலையிருந்து லீவிலை வந்த பெரியப்பா எடுத்த பதினொரு சூப்பர் 8 றீல், காரைநகர் வீட்டு அலுமாரியிலை கிடக்குது. "வித்தால் எவ்வளவு வரும்?" எண்டு வீட்டிலை கேட்கினம்.

கணக்குப் பாப்பம். 50 அடி றீல் ஒண்டு ஓடுறது மூண்டு நிமிசம் சொச்சம். சத்தமும் இல்லை. பெட்டியைத் திறக்க வினாகிரி மணம் வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது எண்டு அர்த்தம். பிறகு சுருங்கும், நெளியும். எங்கட வெக்கையும் ஈரக்காத்தும் அதை விரைவாக்கும். மூண்டு றீலிலை மணம் அடிக்குது. பழைய சாமான் வாங்கிறவருக்கு உது கழிவுதான்.

ஆனால் ஒரு பெட்டியிலை "சிவன் கோயில் தேர்" எண்டு எழுதியிருக்கு. ஈழத்துச் சிதம்பரத்துத் திருவாதிரை. தொண்ணூறுகளில் ஊர் இடம்பெயர்ந்தபோது கனபேற்றை அல்பங்கள் வீட்டோடை போச்சு. வடம் பிடிச்ச சிலருக்கு இண்டைக்கு இருக்கிற ஒரே படம் இதாயிருக்கலாம். அதை விக்க எங்கட குடும்பத்துக்கு மட்டும் உரிமை இருக்கு எண்டு நான் நினைக்கேல்லை.

காசு வேணுமெண்டால் புரொஜெக்டரை விக்கலாம். அதிலை றீலைப் போட்டுப் பாக்கவும் கூடாது, சுருங்கின பிலிம் கிழியும். மணக்கிற மூண்டையும் பிரிச்சு வைச்சு, அதுகளைத்தான் முதலிலை ஸ்கான் செய்யவேணும். ஒரு பிரதியை, ஈழத்து ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற நூலகம் நிறுவனத்துக்குக் குடுக்கலாம்.

பிறகு ஊரிலை போட்டுக் காட்டவேணும், கெதியாய். முகத்தைப் பாத்துப் பெயர் சொல்லக்கூடிய ஆச்சிமார் குறைஞ்சுகொண்டு வருகினம்.