பதினைந்து நிமிடத் தாகம்

கொல்கத்தாவின் கால்பந்துப் பகைமை உணவின் மொழியிலேயே பேசப்படுகிறது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிஷ் மீனின் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறாலின் விலை ஏறும் என்பது அந்நகரத்து வழக்கு. கிழக்கு வங்கத்திலிருந்து பெயர்ந்து வந்தோர், மேற்கு வங்கத்தின் பூர்விகர் என்னும் நெடிய வரலாறு அவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. எனினும், அரங்கினுள் அமர்ந்திருக்கும் ரசிகருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கிறதா என்ற எளிய கேள்வியை நம் விளையாட்டு உரையாடல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

2017 அக்டோபர் 6 அன்று, பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் தொடக்க நாளில், தில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் பார்வையாளர்கள் குடிநீரின்றி அவதியுற்றது செய்தியானது. அவர்களுள் பள்ளிக் குழந்தைகள் ஏராளம். உலகத் தரம் என்ற சொல் புல்தரைக்கும் ஒளிவிளக்குகளுக்கும் மட்டுமே உரியது என்று நாம் கருதியதன் விளைவு அது.

தண்ணீர்ப் புட்டிகளை வாயிலிலேயே பறித்துக்கொள்வது இந்திய அரங்குகளில் பொது வழக்கம். புட்டிகள் ஆடுகளத்தில் வீசப்படுகின்றன என்பது காரணம். அக்காரணம் நியாயமானதே. ஆனால் ஆபத்து புட்டியில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. புட்டியைத் தடுப்பவர், தண்ணீரைத் தரும் பொறுப்பையும் அக்கணமே ஏற்றுக்கொள்கிறார். குழாயும் காகிதக் குவளையும் அப்பொறுப்பை நிறைவேற்றப் போதுமானவை.

திரையரங்குகளைப் பொறுத்தவரை இக்கோட்பாடு நிலைபெற்றுவிட்டது. வெளி உணவைத் தடுக்கத் திரையரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் கூறிய உச்ச நீதிமன்றம், தூய குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்பதையும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதையும் உடன் வலியுறுத்தியது. குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்திருப்போருக்கு உரியது, திறந்த வெயிலில் அமர்ந்திருப்போருக்கு ஏன் உரியதாகாது?

அடுத்தது காலக் கணக்கு. கால்பந்து விதிகளின்படி இடைவேளை 15 நிமிடங்களுக்கு மிகாது. அறுபதாயிரம் பேர் கூடிய அரங்கில் ஐவரில் ஒருவர் கடையை நாடினாலும் பன்னிரண்டாயிரம் பேர். ஒருவருக்கு 20 விநாடி வீதம், ஒரு விற்பனையாளர் அந்நேரத்தில் 45 பேரையே கவனிக்க இயலும். எனவே 267 விற்பனையாளர்கள் தேவை. அத்தனை பேரை அமர்த்துவது எளிதன்று. தீர்வு வேறிடத்தில் இருக்கிறது. குடிநீரை விற்பனையிலிருந்து பிரித்துக் குழாய்களுக்கு மாற்றினால் வரிசையின் கணிசமான பகுதி கரையும். பொரி, சுண்டல், அவித்த முட்டை போன்றவற்றை முன்னரே பொட்டலமிட்டு, ஆட்டம் நடக்கும்போதே இருக்கைகளிடையே கொண்டுசென்று விற்றால் எஞ்சியதும் குறையும்.

விலையைக் குறைத்தால் நட்டம் என்பார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2017இல் திறக்கப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் அரங்கம், பழைய அரங்கின் விலைகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆயினும் முதல் பருவத்தில் ஒரு ரசிகரின் சராசரிச் செலவு 16 விழுக்காடு உயர்ந்ததாக அரங்க நிர்வாகம் அறிவித்தது. நம் ரசிகரின் வருவாய் வேறு, சூழல் வேறு. எனினும், ஏமாற்றப்படுகிறோம் என்ற உணர்வு நீங்கினால் மக்கள் மனமுவந்து வாங்குவார்கள் என்பது கடல் கடந்தும் பொருந்தும்.

இவற்றைச் செய்விக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கம் மேற்கு வங்க அரசினுடையது. கொச்சியின் ஜவாஹர்லால் நேரு அரங்கம் பெருநகர கொச்சி வளர்ச்சி ஆணையத்தினுடையது. பொதுச் சொத்தை வாடகைக்கு விடும்போது இலவசக் குடிநீரையும் விலை வரம்பையும் ஒப்பந்த நிபந்தனைகளாக்குவது கடினமன்று. உணவு விற்பனையை ஒரே குத்தகைதாரருக்கு அதிக விலைக்கு ஏலம் விட்டால், அத்தொகையை அவர் ரசிகரின் தாகத்திலிருந்தே மீட்பார். மாறாக, அரங்கின் வெளியே ஆண்டுக்கணக்காகப் பொரி விற்கும் சிறு வியாபாரிகளுக்குச் சுகாதாரப் பயிற்சியளித்து உள்ளே இடம் தரலாம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களது வாழ்வாதாரத்தை ஏற்கெனவே அங்கீகரித்திருக்கிறது.

இந்தியக் கால்பந்து ஏன் வளரவில்லை என்று கருத்தரங்குகளில் விவாதிக்கிறோம். குழந்தையோடு வந்த ஒரு தாய் தண்ணீரின்றி இடைவேளையிலேயே வெளியேறினால், அடுத்த ஆட்டத்திற்கு அவர் வரப்போவதில்லை, அக்குழந்தையும் வரப்போவதில்லை. விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.