மசி படிந்த டர்போ

சாமுண்டி மலை ஏற்றத்தில் எங்கள் பழைய டீசல் கார் திணறியது. முதலில் காட்டிய பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பிழைக்குறியைப் படித்தார்கள். டர்போவை மாற்றியாக வேண்டும் என்றார்கள். உதவித்தொகை எப்போது வரும் என்றறியாத ஆய்வாளருக்கு அது சிறிய தீர்ப்பன்று. வேறிடத்தில் முதியவர் ஒருவர் அதைக் கழற்றிப் பார்த்து, ‘மசி’ என்ற ஒரே சொல்லில் முடித்தார். தமிழில் எழுதும் மையைக் குறிக்கும் இச்சொல் கன்னடத்தில் கரியையும் குறிக்கும். (விளக்குக் கரியில் மை கூட்டிய காலத்தை எண்ணி என் துறைப்புத்தி அங்கேயே சற்று நின்றுவிட்டது.)

இவ்வகை டர்போவில் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி அசையும் சிறு தகடுகள் உண்டு. எஞ்சின் மெல்லச் சுழல்கையில் அவை நெருங்கி, வெளியேறும் புகையின் விசையைக் கூட்டும்; சுழற்சி மிகுந்ததும் விலகி வழிவிடும். நகருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் எஞ்சின் போதிய சூடு பெறுவதில்லை. கரி படிந்து தகடுகள் இறுகுகின்றன. கணினி பிழையென உணர்ந்து ஆற்றலைக் குறைத்துவிடுகிறது.

எல்லா டர்போவும் கழுவினால் தேறிவிடும் என்று நான் வாதிடவில்லை. அச்சு ஆடினாலோ சக்கரத்தின் இதழ் உடைந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஆயின் கழற்றிப் பாராமலே மாற்றச் சொல்வது, சுவடியைத் திறவாமலே பாடபேதம் தீர்ப்பதை ஒக்கும்.

கரி நீக்கியபின் வண்டி மலையேறியது. வாரம் ஒருமுறை பெங்களூரு நெடுஞ்சாலையில் மண்டியா வரை நிறுத்தாமல் ஓட்டிவரச் சொன்னார் பெரியவர். எஞ்சின் நன்கு சூடேறினால் புதுக்கரி சேர்வது குறையுமாம். ஆய்வேட்டிலிருந்து தப்ப இதைவிடத் தகுந்த காரணம் இதுவரை எனக்கு வாய்த்ததில்லை.