வேட்டைத் திட்டமும் வேட்டைக் கதையும்

தனியாக வேட்டைக்குப் போய் வந்தவன் எவனும் இல்லை என்பது என் கட்சி. கதையில் போய் வந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேட்டைக் கதைக்கும் முன்னால் ஒரு வேட்டைத் திட்டம் இருக்கிறது. அதை யாரும் அச்சிடுவதில்லை. அச்சிட்டால் நம் இலக்கியத்திலும் இந்த ஊரிலும் உலவும் பல தனியன்களின் கதி என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நான் திருப்பூரில் வங்கிக் குமாஸ்தா. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்த பாவத்துக்கு, ஊரில் யாருக்குப் புரியாத ஆங்கிலக் காகிதம் வந்தாலும் அது என் கவுண்டருக்கு வந்து சேரும். சென்ற மாதம் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர் ஒரு கத்தையை நீட்டினார். அவரிடம் சரக்கு எடுக்கும் அமெரிக்கர் அவரை அலாஸ்காவுக்கு, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, காரிபூ வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வண்டி இழுக்கும் ரெயின்டீரின் காட்டு வடிவம்தான் காரிபூ. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆயிரக்கணக்கில் கூடி, பருவத்துக்குப் பருவம் நூற்றுக்கணக்கான மைல் நடக்கும். காகிதத்தின் தலைப்பிலேயே 'ஸெல்ஃப்-கைடட்' என்று கொட்டை எழுத்து.

"கைடு கெய்டு ஒண்ணுங் கெடையாதுங்க சார். நாமளே போறம், நாமளே சுடறம், நாமளே தூக்கீட்டு வர்றம். அதுலதானுங்க ஒரு இது" என்றார்.

அந்த 'இது' என்ன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திட்டத்தைப் படித்தேன். பத்து நாள். ஆற்றுச் சரளைத் திட்டில்கூட இறங்கக்கூடிய சிறு விமானம். மந்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது விமானிக்குத்தான் தெரியும். ஆகவே எங்கே இறக்கிவிடுவது என்பது அவன் சொல்வதுதான். பறந்து போய் இறங்கிய அன்றே சுடக் கூடாது, அது சட்டம். சுட்ட பிறகு கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு வரவும் முடியாது, தின்னத் தகுந்த இறைச்சி முழுவதையும் கொண்டுவர வேண்டும், அதுவும் சட்டம். பெரிய ஆண் ஒன்றின் எலும்பு நீக்கிய இறைச்சியே ஐம்பது கிலோவை ஒட்டி வரும். கால் புதையும் ஈர நிலத்தில் அதை முதுகில் சுமந்து இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். எனவே எவ்வளவு தூரத்துக்குள் சுடலாம் என்பதைக் கண்ணும் துப்பாக்கியும் தீர்மானிப்பதில்லை, முதுகு தீர்மானிக்கிறது. கரடிக்குப் பயந்து இறைச்சியைக் கூடாரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மூடுபனி வந்தால் விமானம் வராது; அதற்காகக் கூடுதல் நாட்களுக்குச் சாப்பாடு.

எவ்வளவு நேர்மையான காகிதம்! விமானி, வரைபடம் போட்டவன், திரும்பி வந்ததும் இறைச்சியை வெட்டி உறைய வைக்கும் கடைக்காரன், வானத்திலிருந்து புகைப்படம் எடுத்து மந்தையின் தலைகளை எண்ணும் அரசாங்க உயிரியலாளர்கள் - எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அலாஸ்காவின் மேற்கு ஆர்க்டிக் மந்தையில் 2003இல் ஏறக்குறைய 4,90,000 காரிபூ. 2023இல் ஏறக்குறைய 1,52,000. எத்தனை சுடலாம் என்ற அனுமதி இந்த எண்ணிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதை உண்டு வாழும் இன்யூபியாட் மக்களிடம் ஒரு விதி இருக்கிறது: முதலில் வரும் கூட்டத்தைத் தொடக் கூடாது, கடக்க விட வேண்டும், அவை பாதை போட்டுக் கொடுத்தால் பின்னால் வருபவை அதே தடத்தில் வரும். காரிபூகூட வழிகாட்டி இல்லாமல் நடப்பதில்லை.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் அலாஸ்காவில் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடுவதானாலும் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். வெளி மாநிலத்து அமெரிக்கருக்குக் காரிபூ விஷயத்தில் இந்த நிபந்தனை இல்லை. படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: "கைடோட போனா, தனியாப் போனேன்னு சொல்ல முடியாதுங்களே?"

போவதைப் பற்றி அவர் கேட்கவில்லை. சொல்வதைப் பற்றிக் கேட்டார்.

*

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. ஜிம் கார்பெட் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? இருட்டில், தனியாக, ஒரு மனிதனும் ஒரு புலியும். தி.ஜ.ர. தமிழாக்கம் செய்த அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் கார்பெட் கொன்றபோது, தாசில்தார் திரட்டிய ஏறக்குறைய முந்நூறு கிராமத்தார் மலைச்சரிவில் நின்று சத்தமிட்டு அதை விரட்டி விட்டிருக்கிறார்கள். கொண்டுபோன தோட்டாக்கள் தீர்ந்துவிடுகின்றன. கடைசிக் குண்டு தாசில்தாரிடம் ஓடிப் போய் வாங்கிய ஓட்டைத் துப்பாக்கியிலிருந்து பாய்கிறது. இவ்வளவையும் எழுதி வைத்தவர் கார்பெட்தான். அவர் கணக்குக் காட்டிவிட்டார். முந்நூறு பேரையும் அழித்துவிட்டுத் தனியனைப் படைத்துக்கொண்டவர்கள் வாசகர்களாகிய நாம்.

ஃபாக்னரின் 'கரடி' இன்னும் கூர்மையான உதாரணம். 1942இல் வந்த 'கோ டவுன், மோஸஸ்' புத்தகத்தில் ஐந்து பகுதிகள் கொண்ட நெடுங்கதை அது. சிறுவன் ஐக் துப்பாக்கியை விட்டுவிட்டு, பிறகு கடிகாரத்தையும் திசைகாட்டியையும்கூடக் கழற்றி வைத்துவிட்டு, கரடியைத் தன்னந்தனியாகக் காண்கிறான். இந்த இடத்தைப் பற்றி நம் விமர்சகர்கள் பேசும்போது 'தனிமனிதப் பிரக்ஞையின் தரிசனம்' என்று கண்கள் செருகிப் போகும். துப்பாக்கிதான் தடை என்று அவனுக்குச் சொன்னவன் சாம் ஃபாதர்ஸ் - செவ்விந்தியத் தலைவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவன் - என்பது அவர்கள் கட்டுரையில் வராது. நான்காம் பகுதியும் வராது. அந்தப் பகுதியில் அதே ஐக், பதினாறு வயதில், குடும்பத்தின் பழைய கணக்கேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, தாத்தா வாங்கிய அடிமைகளின் பெயர்களையும் அவர்களுக்கு அவர் செய்ததையும் வாசிக்கிறான். வாசித்ததால் இருபத்தொரு வயதில் சொத்தே வேண்டாம் என்கிறான். 1955இல் வேட்டைக் கதைகளை மட்டும் திரட்டி 'பிக் வுட்ஸ்' என்று வெளியிட்டபோது ஃபாக்னரே அந்த நான்காம் பகுதியை எடுத்துவிட்டார். கணக்கேட்டை நீக்கினால் நல்ல வேட்டைக் கதை மிஞ்சும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

தமிழில் கணக்கை நீக்காத கதை இல்லையா? இருக்கிறது. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. பிச்சி காளையின் மேல் பாயும் கணத்தில் தனியாகத்தான் பாய்கிறான். ஆனால் மருதன் பக்கத்தில் நிற்கிறான். மாடுகளின் குணத்தைச் சொல்லிக் கொடுக்கும் கிழவர் நிற்கிறார். அவர்களை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. பாயும் கணம் ஒருவனுடையது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கணத்துக்கு வந்து சேரும் வழியையும் அவன் தன் பெயருக்கே பட்டா போட்டுக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

*

என் அப்புச்சிக்குக் காங்கயம் பக்கம் கொஞ்சம் கொறங்காடு இருந்தது. கிளுவை வேலி ஓரமாக வலை கட்டி முயல் வேட்டைக்குப் போவார்கள். நான் பார்த்ததில்லை, அம்மா சொல்லக் கேட்டது. பிடித்த முயலைப் பங்கு போடும்போதுதான் வேட்டையின் முழு இலக்கணமும் வெளிப்படும். வலைக்காரனுக்கு ஒரு பங்கு. புதரைத் தட்டிக் கிளப்பியவனுக்கு ஒரு பங்கு. முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவனுக்கு ஒரு பங்கு. துரத்திய நாய்க்கும் ஒரு பங்கு. யாருடைய வேட்டை என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை, பங்குதான் பதில்.

அந்த வேட்டை நின்றுபோனதற்காக நான் அழவில்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் பெற்றுச் சுடுவதற்குக் கொஞ்சம் இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் நாய்க்குப் பங்கு வைத்த ஜனங்களின் பேரன்கள் விமானமேறிப் போய், கூட வந்தவனைச் சொல்லாமல் விடுவதற்கு வழி கேட்கும் காலம் இது. இந்த இடைவெளியில் என்ன நடந்தது?

நடந்தது திருப்பூர். ஷரத் சாரி 2004இல் இந்த ஊரைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலின் தலைப்பிலேயே 'ஸெல்ஃப்-மேட் மென்' இருக்கிறது. வெறுங்கையோடு வந்தார், உழைத்தார், உயர்ந்தார்: பாராட்டு விழா மலர்களில் இந்த மூன்று வினைச்சொற்களும் வரிசை மாறாமல் வரும். அதே மனிதர்களின் கடன் கோப்பும் என் மேஜைக்கு வருகிறது. அதில் மாமனாரின் நிலப் பத்திரம் இருக்கிறது, மனைவியின் நகை இருக்கிறது, பங்காளியின் ஜாமீன் கையெழுத்து இருக்கிறது. நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளுக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கிறது. கோப்பிலும் வராதவர்கள் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். நொய்யலின் கீழ்ப்பக்கத்து விவசாயிகளும் எந்தக் கோப்பிலும் இல்லை. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அவர்களுக்குக் கிடைத்தது சாயக்கழிவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான், தனியாக உயர்ந்தவர்கள் எத்தனை பேர் தோளில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது. அதன் பிறகும் மலர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

*

இதையெல்லாம் ஏற்றுமதியாளர்களைப் பார்த்துச் சொல்வது சுலபம். சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? 'நான் தனியன்', 'என் வழி என் கால்களில்' என்று கவிதை எழுதாத கவிஞன் நம்மில் யார்? அந்தக் கவிதையை அச்சுக் கோத்தவன், பாக்கிக்குப் பொறுத்த அச்சகத்துக்காரர், எழுதியதை முதலில் படித்துவிட்டு இரண்டு வரியை வெட்டச் சொன்ன நண்பன் - ஒருவரும் கவிதையில் இல்லை; முன்னுரையிலும் இல்லை. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி, பிறகு புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகப் போனார். அந்தச் சுமையைத் தியாகம் என்று புகழ்கிறோம். ஊர் ஊராக அவருக்குச் சோறு போட்டவர்களை விசாரித்ததுண்டா? அந்நியமாதல் பற்றி நாம் பத்துப் பக்கம் எழுதுவோம். நம்மை அந்நியமாக விடாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டோம். இது தத்துவமல்ல. பாக்கியைக் கொடுக்காமல் ஊரை விட்டுப் போகிறவனின் தந்திரம்.

நானும் செய்திருக்கிறேன். என் கட்டுரை ஒன்றின் கீழே, ஆசிரியர் குறிப்பில், 'எந்தப் பின்புலமும் இன்றித் தன் முயற்சியால் உலக இலக்கியம் பயின்றவர்' என்று ஒரு நண்பர் எழுதினார். படித்து மகிழ்ந்தேன், திருத்தவில்லை. நான் பி.ஏ. படித்த மூன்று வருஷமும் என் அக்கா ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. என் கல்லூரிக் கட்டணம், ஃபாக்னர் வாங்கிய காசு, இரண்டும் அதிலிருந்து வந்தவை. எத்தனை பீஸ் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. ஊரார் கணக்கையெல்லாம் தினமும் பார்க்கிறவன்.

ஏற்றுமதியாளருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "போய்ட்டு வாங்க. வந்து சொல்றப்ப, அந்தக் கைடு பேரையும் சேத்திச் சொல்லுங்க." அவருக்கு அது பிடிக்கவில்லை. காகிதங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையின் கீழே வழக்கமான குறிப்பு வேண்டாம். பழைய குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: 'இவர் அக்காளின் பிசிர் வெட்டுக் கூலியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்.'